கழுத்துப் பட்டியில் இரண்டு புள்ளிகள்

எங்கள் ஆடைக் காப்பகத்தின் முதல் பதிவேட்டில், முப்பத்தேழாம் பக்கத்தில், என் கையெழுத்தில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது: "வெள்ளை டிரில் துணிக் கோட்டு, ஆண்களுக்கானது. நொத்தேர் வீட்டுப் பெட்டி. கழுத்துப் பட்டியின் உட்புறம் கறை. இடது மார்பில் பூச்சி அரித்த துளைகள் நான்கு." எழுதி முடித்து அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டிருக்கிறேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் முதலில் வெட்கம் வருகிறது. அடுத்த நொடியே, பத்து வருடத்துக்கு முந்தைய அந்த ஒரு வாரத்தின் படபடப்பு வந்து தொற்றிக்கொள்கிறது. அந்த வாரத்தில் நான் தூங்கியதாக நினைவில்லை. சாப்பிட்டிருப்பேன், ஏனென்றால் நான் சாப்பாட்டை விடுகிற ஆள் இல்லை.

காப்பகம் என்றதும் பெரிய மாளிகையை நினைத்துவிட வேண்டாம். கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடி, நான்கு அறைகள், ஒரு நீண்ட மேசை, எங்கும் அந்துருண்டை வாசனை. அதை நடத்தியவரை நாங்கள் மதாம் என்றே கூப்பிட்டோம். நம் ஊர்ப் பெண்தான். பிரான்சில் ஓர் ஆடை அருங்காட்சியகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். எல்லோரும் புதுச்சேரியின் சுவர்களையும் சன்னல்களையுமே படம் எடுக்கிறார்கள், அந்தச் சன்னலில் நின்றவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று யாருக்கும் கவலை இல்லை என்று அங்கலாய்ப்பார். அங்கலாய்ப்போடு நிற்காமல் வீடு வீடாகப் போய்ப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். மில் தொழிலாளியின் நீல அரைக்கால் சட்டை, மீன் கூடை சுமந்தவரின் நூல் புடவை, தேவாலயத்தில் புதுநன்மைச் சடங்குக்குத் தைத்த வெள்ளை கவுன், போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி என்று ஒவ்வொன்றாக எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தன. அவற்றையெல்லாம் பதிவு செய்யத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சு செய்து அலுத்துப்போய் வந்திருந்தேன். துணியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பட்டியல் போடுவதென்றால் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுகிற மாதிரி.

அக்கா காப்பகத்தின் வாசலுக்கு எதிரே தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர். தெருவுக்கெல்லாம் அவர் இஸ்திரிக்காரம்மா, எனக்கு மட்டும் அக்கா. ஐம்பதைத் தொட்டிருப்பார். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், துணியைத்தான் பார்ப்பார். சட்டைப் பையில் பேனா மை இல்லாததைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார் என்று சொல்லிவிடுவார். என் துப்பட்டாவின் ஓரத்தில் பட்ட கிரீஸைப் பார்த்து, ஸ்கூட்டர் செயினுக்கு உறை மாட்டச் சொல்லி ஒரு மாதம் நச்சரித்தார். ஒருவர் வீட்டுக் கதையை இன்னொருவரிடம் மட்டும் சொல்ல மாட்டார். அத்தனை வீட்டுத் துணியும் கைக்குள் புழங்குகிற ஒருவருக்கு அது சாதாரணக் கட்டுப்பாடு இல்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முதல் கண்காட்சிக்கு ஒரு வாரம் இருந்தது. சுவரொட்டி அச்சாகி வந்துவிட்டது. அதில் நடுநாயகமாக அந்த வெள்ளைக் கோட்டு, அடியில் "நொத்தேர் ஐயாவின் கோட்டு" என்று பெரிய எழுத்தில். நொத்தேர் என்றால் பத்திரம் எழுதிப் பதிகிறவர், அந்தக் காலத்தில் ஊரில் பெரிய மனிதர். அவருடைய பேரன் பிரான்சில் இருக்கிறார். பூர்வீக வீட்டை விற்கும்போது, தாத்தா இறந்த நாளிலிருந்து பூட்டியே கிடந்த பெட்டியை எங்களுக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கோட்டின் தோள் வெட்டைப் பற்றி மதாம் பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். காட்சி மேடைகளில் விரிக்கக் கதர்த் துணி தேவைப்பட்டது. அதைத் தேய்த்துத் தரும் வேலை அக்காவுக்கு. தேய்த்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அன்றைக்குத்தான் அவர் முதல் முறையாக மாடி ஏறி வந்தார்.

மேசையில் ஒரு பழைய ஜிப்பா கழுத்து விரிந்து கிடந்தது. அக்கா கையை நீட்டினார். நான் பதறிப்போய், கையுறை போடாமல் தொடக்கூடாது என்றேன். வாழ்நாளெல்லாம் துணி தோய்த்த கைக்கு உறையா என்று சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். பிறகு கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை நோட்டில் என்னவென்று எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். கறை என்று எழுதியிருப்பதாகப் பெருமையாகவே சொன்னேன்.

"இது கறை இல்லம்மா. இது வீடு."

அவர் சொல்லச் சொல்லத்தான் விஷயம் விளங்கியது. ஊரார் துணியெல்லாம் ஒரே வெள்ளாவியில் வெந்து ஒரே கரையில் காயும். எது எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று தெரிய, புதுத் துணி முதல் சலவைக்கு வரும்போதே, வெளியே தெரியாத இடத்தில் சேங்கொட்டைச் சாற்றைக் குச்சியால் தொட்டுக் குறி வைப்பார்கள். கோடு, புள்ளி, கொக்கி என்று வீட்டுக்கு ஒரு குறி. துணி கிழிந்தாலும் குறி அழியாது. அக்காவின் அப்பாவை அவர் நைனா என்பார். நைனா இதே தெருக்களுக்குத்தான் சலவை செய்தவர். அவர் வைத்த குறியெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம்.

 படியில் தடதடவென்று இறங்கி ஓடி மதாமை இழுத்துக்கொண்டு வந்தேன். நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகத் திறந்தோம். யாருடையது என்று தெரியாமல் வெறும் எண் போட்டு வைத்திருந்த துணிகளை அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, இது மளிகைக்கடைக்காரர் வீடு, இது பள்ளிக்கூட வாத்தியார் வீடு, இது நம்ம நைனா கை இல்லை, வேறு சலவைத்துறைக்காரர் கை என்று சொல்லிக்கொண்டே போனார். பெரிய மார்க்கெட்டில் காய் பொறுக்குகிற வேகம். என் பதிவேட்டில் கறை, கறை, கறை என்று நான் எழுதிவைத்த இடமெல்லாம் முகவரியாக மாறிக்கொண்டிருந்தது. மதாம் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். பிரான்சில் படித்த படிப்பில் இது இல்லையே என்று அவர் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

கடைசியாக அந்தக் கோட்டு. அக்கா கழுத்தைத் திருப்பி, இரண்டு கோடு, இரண்டு புள்ளி, நொத்தேர் வீடுதான் என்றார். நான் சரி போடப் பேனாவை எடுத்தேன். அவர் கோட்டைக் கீழே வைக்கவில்லை. சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு புள்ளிகளையும் கட்டை விரலால் தடவினார். பிறகு முன்பக்கம் திருப்பி, இடது மார்பில் இருந்த நான்கு துளைகளைப் பார்த்தார். கோட்டை மேசையில் படுக்க வைத்துவிட்டு, இறங்கிப் போய்விட்டார். மறுநாள் வண்டி வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. உறை போடச் சொன்னதில் மனம் புண்பட்டுவிட்டதோ என்று நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில், கரி மூட்டுவதற்கு முன்பே, நேராக மாடிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். அக்காவுக்குப் பதினோரு வயது இருக்கும்போது பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தா ஐயா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்றுதான் சொல்வார்கள். வருடாவருடம் ஜூலை பதினாலு அணிவகுப்புக்கு அவர் வெள்ளைக் கோட்டில் மெடல்களைக் குத்திக்கொண்டு போவார். அந்த வருடம் புதுக் கோட்டு தைத்து, மெடலைக் குத்தி அழகு பார்த்துவிட்டு, விறைப்பாக இருக்கிறது என்று ஒரு சலவைக்குப் போட்டார். நைனாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். குறி வைக்கும் வேலை அக்காவிடம் வந்தது. சொல்தா வீட்டுக்கு இரண்டு கோடு, ஒரு புள்ளி. சேங்கொட்டைச் சாறு வைத்த உடனே வெளுப்பாகத்தான் தெரியும், சுண்ணாம்புத் தண்ணீர் பட்டுக் காற்றாடினால்தான் கறுக்கும். சிறு பெண்ணுக்கு அந்தப் பொறுமை இல்லை. வைத்த புள்ளி பிடிக்கவில்லை என்று நினைத்து, பக்கத்தில் இன்னொன்று வைத்துவிட்டாள். பிறகு இரண்டும் கறுத்தன. கோட்டு நொத்தேர் வீட்டு மூட்டையில் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரம்தான் நொத்தேர் இறந்து போயிருந்தார். வந்த சலவையைச் சாவு வீட்டில் யார் எண்ணிப் பார்ப்பார்கள்? ஐயாவின் துணி என்று அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நைனா போய்க் கேட்டபோது, எங்களிடம் எங்கள் துணிதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொல்தா ஐயா வாசலில் நின்று தெருவே கேட்கத் திருடன் என்று கத்தினார். ஒரு வாரத்தில் அந்தத் தெரு மொத்தமும் நைனாவுக்குத் துணி போடுவதை நிறுத்திவிட்டது. அவர் மில்லில் கூலிக்குப் போனார். கோட்டுத் திருடன் என்ற பெயரோடேயே செத்தும் போனார். இதை அக்கா அழாமல்தான் சொன்னார். எனக்குத்தான் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது.

"அவரு வெக்கிற புள்ளி கடுகாட்டம் இருக்கும். இது ரெண்டும் மொளகு சைஸு. குச்சிய மாத்திப் புடிச்சது நானு. எங்க நைனா திருடலன்னு கோட்டு பக்கத்துல வெக்கிற அட்டையில எழுத முடியுமா தங்கச்சி?"

அப்படி எழுதினால் தவறு உங்களுடையது என்றும் எழுத வேண்டி வருமே என்றேன்.

"எழுது. ஊரு அவரத்தான் பேசிச்சி. என்ன யாரும் ஒரு வார்த்த கேக்கல."

மதாமிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் நிறுவனத்தை நடத்துகிறவர். சுவரொட்டி ஊரெல்லாம் ஒட்டியாயிற்று, பேரன் திறப்பு விழாவுக்கு விமானம் ஏறப் போகிறார், ஒருவருடைய நினைவை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் கோட்டைக் கைமாற்றி எழுத முடியாது என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேரன் சொன்னதும் நினைவுதானே, அதை மட்டும் எப்படி அச்சடித்தோம் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது.  நியாயம்தான், ஆனால் எனக்கு ஆதாரம் வேண்டும், நாலு நாள் இருக்கிறது என்றார் மதாம்.

ஸ்கூட்டரை எடுத்தேன். சொல்தா ஐயாவின் வீடு இப்போது தங்கும் விடுதி. அங்கே தோட்டக்காரரைக் கேட்டு, அவர் கை காட்டிய தையல்கடையில் கேட்டு, சுற்றிச் சுற்றி வந்தால், ஐயாவின் மகள் லாஸ்பேட்டையில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அடுக்ககத்தில் இருக்கிறார். காய்கறிக் கடையில் எத்தனையோ தடவை அவருக்கு வழிவிட்டிருக்கிறேன். அறுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த நடை. கோட்டு என்றதுமே அவர் முகம் இறுகியது. அது திருட்டுப் போன கோட்டு, அதைப் பற்றி இப்போது என்ன என்றார். நான் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே பஞ்சில் நான்கு மெடல்கள்.

மறுநாள் மேசையைச் சுற்றி நான்கு பெண்கள் நின்றோம். மெடலின் ஊசியைத் துளையில் விட்டுப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. மதாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காட்சிப்பொருளில் ஊசி படக்கூடாதாம். கோட்டின் மேல் டிரேசிங் தாளை விரித்து, நான்கு துளைகளையும் பென்சிலால் புள்ளி வைத்து எடுத்தார். தாளைத் தனியே அட்டையின் மேல் வைத்தார். ஐயாவின் மகள் மெடல்களை அவர் அப்பா குத்துகிற வரிசையில், ஒரு பழைய போட்டோவைப் பார்த்துப் பார்த்து வைத்தார். முதல் ஊசி புள்ளியில் இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது மெடல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கீழே இருக்கும், போட்டோவிலும் அப்படித்தான், தாளிலும் அப்படித்தான். நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். பூச்சி அரித்ததாம்! என் வாழ்க்கையில் ஒரு தப்பு வெளிப்பட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த இருவரையும் கவனித்தேன். ஐயாவின் மகள் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் அப்பா அணிவகுப்புக்கே போகவில்லை என்றார், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்கப்பா கத்துனத நான் மாடியிலேர்ந்து பாத்துட்டுதான் இருந்தேன். உங்கப்பா தலையக் குனிஞ்சிக்கினு நின்னாரு."

"நானும் அங்கதாம்மா இருந்தேன்," என்றார் அக்கா. "மூட்டைக்குப் பின்னால."

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஐயாவின் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார். அக்கா உட்கார்ந்தார். மதாம் காபி கொண்டுவரச் சொன்னார், அன்றைக்கு அது ஆறுவதற்குள் எல்லோரும் குடித்தோம்.

பேரனுக்கு மதாமே போன் செய்தார்.  பேரன், அப்படியானால் என் தாத்தாவின் கோட்டு எது என்று கேட்டிருக்கிறார். பெட்டியின் அடியில் இன்னொன்று இருந்தது. முழங்கை நைந்து, கையோரமெல்லாம் மைத் தெறிப்பு, அழகில்லை என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தது. அதன் கழுத்தில் இரண்டு கோடு, கடுகு போல இரண்டு புள்ளி. பேரன் விழாவுக்கு வந்து அந்த மைக்கறைக் கோட்டின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். சுவரொட்டிகளின் அடியில் புதுத் துண்டு ஒட்ட நானும் மதாமும் பசை வாளியோடு தெருத் தெருவாகப் போனோம். வெள்ளைக் கோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, கழுத்துப் பட்டியைத் தூக்கி, ஒரு பூதக்கண்ணாடி வைத்தது மதாமின் யோசனை. தோள் வெட்டு யாருக்கும் தெரியாதே என்றேன். போகட்டும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் நான் வைத்திருந்த அத்தனை மனத்தாங்கலையும் விட்டுவிட்டேன்.

அட்டை வாசகத்தை நான்தான் எழுதினேன். பதினேழு தடவை கிழித்தேன். கடைசியில் நின்றது இதுதான்: "இந்தக் கோட்டு திருடப்படவில்லை. பதினோரு வயதுப் பெண் ஒருத்தி ஒரு புள்ளி கூடுதலாக வைத்ததால் வேறு வீட்டுக்குப் போனது. சலவை செய்தவர் நேர்மையானவர்." அதன் கீழே நைனாவின் பெயரும் அக்காவின் பெயரும், சொல்தா ஐயாவின் பெயரும். திறப்பு விழா அன்று அக்கா பச்சைப் பட்டுப் புடவையில், மகன், மருமகள், தம்பிகள், தம்பி பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். மூத்த தம்பி அட்டையை உரக்க வாசித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டு நின்றது. அக்கா துணியைப் பார்க்கவில்லை. முதல் முறையாக, வந்திருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அக்கா சேதராப்பட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். மகனுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. தள்ளுவண்டி நின்ற இடத்தில் எதிர்க் காபிக் கடைக்கு வருகிறவர்களின் பைக்குகள் நிற்கின்றன. காப்பகம் கீழ்த்தளத்தையும் பிடித்துவிட்டது, துணியின் கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல் இங்கே யாரும் பேனாவைத் திறப்பதில்லை. இன்று காலை மில் தொழிலாளி குடும்பம் ஒன்றிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. மூடியைத் தூக்கியதும் மேலேயே ஒரு சட்டை, கழுத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு கொக்கி. எனக்குப் பழைய வியாதி வந்துவிட்டது, அக்காவுக்குப் போன் போட்டேன். ஒண்ணையும் தொடாத, பஸ் ஏறிட்டேன் என்றார். அவர் வரும்வரை இருப்புக் கொள்ளாமல் பழைய பதிவேட்டை எடுத்து முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தேன்.

காப்பக விதிப்படி, எழுதியதை அழிக்கக் கூடாது. தவறென்றால் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, திருத்தத்தைப் பக்கத்தில் எழுதி, திருத்தியவர் கையெழுத்திட வேண்டும். கறை, பூச்சி என்ற என் சொற்களின் மேல் அந்தச் சிவப்புக் கோடு இருக்கிறது. விழா முடிந்த மாலையில் திருத்தத்தை எழுதிவிட்டு அக்காவிடம் பேனாவை நீட்டினேன். அவருக்குப் பெயர் எழுதத் தெரியும். ஆனாலும் எழுதவில்லை. சொல்தா வீட்டுக்கு வைக்கிற மாதிரி இரண்டு கோடு போட்டார், பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பேனா மை மங்கலாகத்தான் விழுந்தது. இன்னொரு தடவை அழுத்தி வையுங்கள் அக்கா என்றேன். அவர் பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் புள்ளி காயும்வரை அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.